திரெட் சேர்ப்பதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள்

"எட்டு கோர் சும்மா கிடக்கிறது, ஆடியோ புரோகிராம் ஒன்றிலேயே மூச்சு வாங்குகிறது. திரெட்களாகப் பிரித்துவிடலாமா?" சிக்னல் பிராசசிங் வேலையில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். திரெட் என்பது புரோகிராமுக்குள் தனியே ஓடும் ஒரு வேலைச் சரடு. பிரிக்கலாம். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் சிக்கலே.

ஒலியைச் சல்லடை போடும் கணக்குதான் ஃபில்டர். அதில் எஃப்.ஐ.ஆர். வகை நல்ல பிள்ளை. அதன் வெளியீடு ஒவ்வொன்றும் உள்ளீட்டு சாம்பிள்களை (ஒலியைத் துளித்துளியாக அளந்த எண்களை) மட்டுமே நம்பியிருப்பதால், எதை முதலில் கணக்கிட்டாலும் சரிதான். ஆனால் 128 டேப் ஃபில்டருக்காக (ஒரு வெளியீட்டுக்கு 128 உள்ளீட்டு சாம்பிள்களை எடுப்பது) ஒரு பிளாக்கை, அதாவது சாம்பிள் தொகுப்பை, இரண்டாக வெட்டினால், பின்பாதிக்கு முன்பாதியின் கடைசி 127 சாம்பிள்களும் வேண்டும். பலர் அங்கே பூஜ்யத்தை வைத்துவிடுகிறார்கள். பின்பாதியின் முதல் 127 வெளியீடுகள் பிசகும். ஒட்டு விழும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும். இரைச்சலை வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாமலே போகலாம். சைன் அலையை விட்டுப் பாருங்கள், தையல் பளிச்சென்று தெரியும்.

ஐ.ஐ.ஆர். வகை ஃபில்டர் அப்படியல்ல. முந்தைய வெளியீடு வந்தால்தான் அடுத்தது பிறக்கும். முந்தையதில் 0.9 மடங்கை எடுத்துக்கொள்ளும் எளிய ஃபில்டரை, அதற்கும் முந்தையதில் 0.81 மடங்கு எடுப்பதுபோல் விரித்து எழுதலாம். அப்போது ஒற்றைப்படை, இரட்டைப்படை சாம்பிள்கள் தனித்தனியே ஓடும். அதற்கு விலையாக ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு பெருக்கல் கூடுகிறது. கணக்கு அழகுதான், ஆனால் சேனல்கள் பல இருந்தால் நான் அந்த வழிக்கே போவதில்லை. பிராசசருக்குள் பல எண்களை ஒன்றாக வைத்துக் கணக்கிடும் இடமான 256 பிட் ஏ.வி.எக்ஸ். ரெஜிஸ்டரில் 32 பிட் மிதவைப்புள்ளி (தசம) எண்கள் எட்டு அடங்கும். எட்டு சேனல்களின் ஒரே நேரத்து சாம்பிள்களை நினைவகத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டால், ஒரே கட்டளையில் எட்டும் நகர்ந்துவிடும். திரெட்டே வேண்டாம்.

திரெட்டுக்கு நான் தயங்குவது நேரக் கெடுவால். 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பிளாக் என்றால் கையில் இருப்பது 5.33 மில்லிசெகண்ட், 64 சாம்பிள் என்றால் 1.33தான். அதற்குள் மற்ற திரெட்களை எழுப்பி, வேலை வாங்கி, முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். சராசரி வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒருமுறை தாமதித்தால் ஒலி அறுந்துவிடும். ஆடியோ திரெட்டுக்குள் லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடுவது இன்னும் மோசம்: முன்னுரிமை குறைந்த ஒரு திரெட் லாக்கைப் பிடித்தபடி தூங்கப் போனால் உங்கள் ஒலியும் சேர்ந்து தூங்கும். பதிவான கோப்புகளை அலசும் வேலையில் இந்தக் கவலை இல்லை. கோருக்கு ஒரு கோப்பாகக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் கம்பைலர், அதாவது நீங்கள் எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் புரோகிராம். மிதவைப்புள்ளிக் கூட்டலில் வரிசை மாறினால் விடை இம்மியளவு மாறும் என்பதால், கூட்டிக்கொண்டே போகும் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) அது வழக்கமாகத் தானாக இணையாக்காது. இதற்காகச் சிலர், இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் 'ஃபாஸ்ட் மேத்' சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். அது 'எண் அல்லாத' மதிப்புகளைப் பிடிக்க நீங்கள் எழுதிய சோதனைகளையும் சத்தமில்லாமல் நீக்கிவிடக்கூடும். அதைவிட, நான்கு தனித்தனி மாறிகளில் கூட்டிவந்து கடைசியில் சேருங்கள். பழைய விடையோடு ஒப்பிடும்போது பிட்டுக்குப் பிட் பொருந்த வேண்டும் என்று அடம்பிடிக்காமல், எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.