பார்டரும் பவுண்டரியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ் களியக்காவிளையை நெருங்கும்போது யாராவது ஒருவர் "பார்டர் வந்தாச்சு" என்பார். "பவுண்டரி வந்தாச்சு" என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அகராதியைப் பிரித்தால் இரண்டுக்கும் எல்லை என்றுதான் போட்டிருக்கும்.

பார்டர், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஓரம், விளிம்பு என்பது அதன் பொருள். துணியின் ஓரப் பட்டையும் பார்டர்தான். புடவைக்கடையில் நாம் பார்த்துப் பார்த்து எடுக்கிறோமே, அதே பார்டர். அதற்கு நம் சொல் கரை. கரைவேட்டியில் இருக்கிற கரை. மலையாளத்திலும் கசவு முண்டின் ஓரத்துக்குக் கர என்றே பேர். கரை என்றால் அகலம் உண்டு: ஒரு விரல் கரை, நாலு விரல் கரை. மாநில பார்டரும் அப்படித்தான். கோட்டோடு சேர்த்து அதை ஒட்டிய ஊர்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். களியக்காவிளையும் பார்டர், அந்தப் பக்கத்துப் பாறசாலையும் பார்டர். இந்த இடத்தில் எல்லைப்புறம் என்று எழுதினால் சரியாக உட்காரும்.

பவுண்டரிக்கு அகலம் கிடையாது. அதன் வேர் பவுண்ட் (bound); எல்லையைக் காட்ட நட்ட அடையாளம் என்பது பழைய பொருள். நம் எல்லைக்கல்லேதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இழுத்த கோடு பவுண்டரி, அதாவது எல்லைக்கோடு. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டை வந்தால் அது பவுண்டரித் தகராறு. பார்டர் தகராறு என்று சொன்னால் ராணுவம் வரவேண்டியிருக்கும்!

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகர்ந்தது பவுண்டரி. வடக்கே திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று நம் பக்கம் வந்ததற்கான 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் 'பவுண்டரீஸ்' என்றே இருக்கிறது. சட்டம் மாற்றியது அந்தக் கோடு ஒன்றைத்தான். கோட்டுக்கு இரண்டு பக்கமும் தமிழும் மலையாளமும், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற பார்டர் அதே இடத்தில்தான் கிடக்கிறது.

இலக்கணத்திலும் இரண்டும் வேறு வழி போகின்றன. பார்டர் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். வினையாக வந்தால் 'கேரளா பார்டர்ஸ் தமிழ்நாடு' என்பதே சரி, நடுவில் 'வித்' வேண்டாம். பலர் தப்பு விடுவது இங்கேதான். பெயர்ச்சொல்லானால் 'பார்டர் வித்' வரலாம். 'பார்டர் ஆன்' என்றால் கிட்டத்தட்ட அந்த நிலையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பவுண்டரியோ பெயர்ச்சொல் மட்டும். வினை வேண்டுமானால் 'பவுண்டட் பை' என்று எழுதவேண்டும். நிலப்பத்திரத்தில் 'வடக்கே தோடு (ஓடை), கிழக்கே இன்னார் விளை (தோட்டம்)' என்று நான்கெல்லை சொல்வதற்கு ஆங்கிலம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

இப்போது மனிதர்களுக்கு நடுவேயும் பவுண்டரி வேண்டும் என்கிறார்கள். அதற்குப் புதுச்சொல் தேடவேண்டாம், வரம்பு இருக்கிறது. மலையாளத்தில் இன்றைக்கும் வயல் வரப்புக்கு வரம்பு என்றே பேர். நாம் வயலுக்கு வரப்பையும் நடத்தைக்கு வரம்பையும் பிரித்து வைத்துக்கொண்டோம்.

அப்புறம், கிரிக்கெட் பவுண்டரியை விட்டுவிடலாம். அங்கே கயிறும் பவுண்டரி, நாலு ரன்னும் பவுண்டரி. 'எல்லைக்கோடு அடித்தான்' என்று எழுதிப்பாருங்கள், எங்கள் ஊர்ப் பையன்கள் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.