பழைய ஸ்ட்ராட்: எல்லாப் பாகமும் ஒன்றாகவே கிழடு தட்டினதா?

பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது சீரியல் நம்பரைத்தான். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) விஷயத்தில் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கவே கூடாது. பிங்க் ஃப்ளாய்ட் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் வைத்திருந்த 0001 எண் ஸ்ட்ராட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்தால் உலகத்தின் முதல் ஸ்ட்ராட் என்று தோன்றும். ஆனால் அதன் நெக்கில், அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீண்ட கழுத்தில், இருக்கும் தேதி 1954 ஜூன், பாடியில், அதாவது உடல் பகுதியில், இருப்பது 1954 செப்டம்பர். அதற்கு முன்பே ஸ்ட்ராட்டுகள் ஃபாக்டரியை விட்டு வெளியே போயிருந்தன. காரணம் எளிது. எண் அடித்திருப்பது பின்பக்கம் நாலு ஸ்க்ரூவில் நிற்கிற ஒரு தகட்டில், அவ்வளவுதான். அந்தத் தகடுகளை ஒரு பெட்டியில் குவித்து வைத்திருப்பார்கள், கைக்கு எது வருகிறதோ அதை மாட்டுவார்கள்.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இந்தக் கிட்டாரை வடிவமைத்ததே எந்தப் பாகத்தையும் கழற்றி மாற்றலாம் என்கிற வசதியோடுதான். நெக் பாழானால் ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நெக்கைப் போட்டுவிடலாம். அந்த வசதிதான் இன்றைக்குத் தலைவலி. 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்கிற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது, அதற்கு முந்தைய கிட்டார்களுக்குத்தான் பெரிய மவுசு. அறுபது எழுபது வருஷத்தில் ஒரு கிட்டாரின் நெக், இன்னொன்றின் பாடி, மூன்றாவதின் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பாகம்) என்று சேர்ந்து ஒன்றாகியிருக்கலாம். பாகங்கள் எல்லாமே பழையவை, எல்லாமே நிஜ ஃபெண்டர், ஆனாலும் கிட்டார் அசல் இல்லை. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக விசாரித்துவிட்டு, இவையெல்லாம் ஒன்றாகவே இருந்து கிழடு தட்டியவையா என்று கேட்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்தக் கேள்விதான்.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி, இங்கே நெக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாடிக்குள் உட்காரும் நெக்கின் அடிப்பகுதியில் பென்சிலில் மாதமும் வருஷமும் எழுதியிருக்கும். 1962 வாக்கில் அது ரப்பர் ஸ்டாம்பாக மாறியது. அது நெக் முடிந்த தேதி, கிட்டார் பிறந்த தேதி அல்ல. சில மாதம் முன்பின் இருந்தால் பதற வேண்டாம்.

அடுத்தது பெயிண்ட். இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கிட்டாரின் விலை அதிகமாக அடிவாங்குவது இங்கேதான்: பின்னால் யாராவது மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தக் காலத்து மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். பஞ்சில் இருக்கிற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்துச் செய்வது. அது காய்ந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. வெளிச்சத்தாலும் சூட்டாலும் அதன் மூலக்கூறுகள் மெல்ல உடைந்து மஞ்சளாகும், வளைந்து கொடுக்கும் தன்மைக்காகச் சேர்த்த பொருள் வருஷக்கணக்கில் ஆவியாகிப் போகும், பூச்சு இறுகி நொறுங்கத் தயாராக நிற்கும். அடியில் இருக்கும் மரமோ ஈரத்துக்கும் குளிருக்கும் ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்து வண்டியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்து சட்டென்று பெட்டியைத் திறந்தால் போதும், தலைமுடி அளவு விரிசல்கள் ஓடிவிடும். பிளேடால் கீறிப் போலியாகச் செய்கிற விரிசல் ஒரே ஆழத்தில் நேர்கோடாக நிற்கும், அசல் விரிசல் மரத்தின் போக்கோடு போய் ஒன்றில் ஒன்று முட்டி நிற்கும்.

கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா விளக்கை இருட்டறையில் அடித்தால் பழைய லேக்கர் பச்சை கலந்த மங்கிய மஞ்சளாக ஒளிரும். இடையில் புதுசாக அடித்த இடம் கருப்பாகவோ வேறு நிறமாகவோ திட்டுத்திட்டாகத் தெரியும்.

அப்புறம் பிக்கார்டை, அதாவது பாடியின் முகத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை, தூக்கிப் பாருங்கள். சுவரில் வருஷக்கணக்காகத் தொங்கிய காலண்டரை எடுத்தால் அடியில் பழைய சுண்ணாம்பு நிறம் அப்படியே இருக்குமே, அதேதான். 1958-ல் சன்பர்ஸ்ட் பூச்சில் (நடுவில் வெளிர் நிறமாகத் தொடங்கி ஓரத்துக்குப் போகப்போகக் கறுக்கிற பூச்சு) மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பைச் சேர்த்தார்கள். அந்த முதல் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரைத் தாங்காமல் வெளிறிவிட்டது, அதனால் அந்த வருஷத்துக் கிட்டார்கள் பல, இரண்டு நிறம் மாதிரிதான் தெரிகின்றன. பிக்கார்டுக்கு அடியில் மட்டும் சிவப்பு அப்படியே நிற்கும். வெளியே வெளிறிப்போய் உள்ளேயும் அதே அளவு வெளிறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த சாட்சி ஆணி ஓட்டை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பாடியின் முகத்தில் சின்ன ஆணிகளை அடித்துவிடுவார்கள், கவிழ்த்து வைக்கும்போது ஈரப் பெயிண்ட் மேஜையில் ஒட்டாமல் ஆணிகள் கால் மாதிரித் தாங்கிக்கொள்ளும். எல்லாம் காய்ந்ததும் பிடுங்கிவிடுவார்கள். அதனால் அசல் பூச்சில் அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் மரம்தான் தெரியும். பின்னால் சுரண்டி மறுபடி அடித்தவர் ஆணிக்கு எங்கே போவார்? அவர் அடித்த பெயிண்ட் ஓட்டைக்குள்ளும் இறங்கியிருக்கும். 1964 வாக்கு வரைக்குமான பாடிகளில் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்தால், வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் உடம்பில் ஒரு எண் பொறித்திருக்கும். 3046320 என்று இருந்தால் 304 என்பது அந்தக் கன்ட்ரோலைச் செய்த ஸ்டாக்போல் கம்பெனி, 63 வருஷம், 20 அந்த வருஷத்தின் இருபதாவது வாரம். கிட்டார் 1963 மே மாதத்துக்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது. பின்னால் உருவாகியிருக்கலாம், மொத்தமாக வாங்கிவைத்த பாகம் டப்பாவில் கிடந்திருக்கலாமே. அப்படியானால் நெக்கில் 1961 என்று இருந்தால்? கன்ட்ரோலை மாற்றியிருக்கிறார்களா என்று சாலிடரை, அதாவது ஒயரைப் பிடித்து வைத்திருக்கிற ஈயப்பற்றை, பாருங்கள். அசல் சாலிடர் மங்கி, பக்கத்தில் இருக்கிற மற்ற இணைப்புகள் மாதிரியே இருக்கும். மறுபடி சூடு வைத்தது பளபளக்கும், துணி சுற்றிய ஒயரின் நுனி கருகியிருக்கும்.

பிக்அப்பின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் 6 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டும். இதில் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் போல ஏறும், ஆகவே பிக்அப்புக்குள் இருக்கிற தாமிரக் கம்பிச் சுருள் (காயில்) 25 டிகிரியில் 6.0 காட்டினால் 35 டிகிரியில் 6.2-ஐத் தாண்டும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. கம்பியின் நிறம் இதைவிட நல்ல சாட்சி: 1964 வரை வந்த காயில்கள் பொன்னிறமாக இருக்கும், அதற்குப் பிறகு வந்த எனாமல் கம்பி கருஞ்சிவப்பாக இருக்கும்.

2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்த 0001 ஸ்ட்ராட் 18,15,000 டாலருக்குப் போனது. அதே நாளில் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட் 39,75,000 டாலருக்குப் போனது, அதுவோ நெக்கும் பிக்அப்பும் பல தடவை மாறிய கிட்டார். அங்கே விலை வாசித்த கைக்கு. யார் வாசித்ததென்று தெரியாத சாதாரண ஸ்ட்ராட்டுக்கு அதன் பாகங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

சரி, சோதிக்கிறேன் என்று சோதனையிலேயே அசலைக் கெடுத்துவிடாதீர்கள். 1959-லிருந்து 64 வரை வந்த பச்சை சாயல் பிக்கார்டு செல்லுலாய்டு, சுருங்கி இறுகிப் போயிருக்கும், ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் முழுசாகக் கழற்றினால் மறுபக்கம் விரிசல் விடலாம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சாலிடரைத் தொடவே வேண்டாம். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு அட்டையில் பிக்கார்டின் படத்தை வரைந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள், எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே ஓட்டைக்கே திரும்பப் போகட்டும்.