பொன் அப்பிள் நத்தை யாழ்ப்பாணத்தில் நிலைகொள்ளுமா?

ஓர் அந்நிய நத்தையினால் வரக்கூடிய ஆபத்தை, அது நம் குளங்களுக்கு வந்துசேரும் முன்பே மதிப்பிட முடியும். தென் அமெரிக்காவுக்குரிய பொன் அப்பிள் நத்தை, 1980 அளவில் உணவுக்காகத் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆசிய நாடுகள் பலவற்றில் வளர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டபின், இளம் நெற்பயிரைத் தின்னும் பீடையாகிவிட்டது. வேறிடத்தில் இவ்வாறு பரவிய வரலாறு உண்டா என்பதே மதிப்பீட்டின் முதன்மையான வினா. நீர்வாழ் இனங்களுக்கெனப் பரவலாகப் பயன்படும் வினாக்கொத்து ஒன்றில் 55 வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு விடையும் எவ்வளவு உறுதியானது என்பதையும் அதில் குறிக்கவேண்டும். எங்கே கள ஆய்வு தேவை என்பதை இந்த உறுதிநிலையே காட்டுவதால், விடைகளுக்குக் கிடைக்கும் மொத்தப் புள்ளியைவிட அதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

யாழ்ப்பாணத்தின் வெப்பம் இந்த நத்தைக்கு ஏற்றது. சுண்ணாம்புக்கல் நிலத்து நீரில் ஓடு வளர்க்கத் தேவையான கல்சியமும் தாராளமாக உண்டு. கோடையில் குளங்கள் வற்றுவது நமக்குக் காப்பாகத் தோன்றலாம். ஆனால் அதன் உறவான உள்ளூர்ப் பைலா நத்தைகளைப் போலவே, இதுவும் மூடியை இறுக்கிச் சேற்றில் புதைந்து மாதக்கணக்கில் உயிர்தாங்கக்கூடியது. வறட்சி அதன் தொகையைக் குறைக்குமே தவிர, முற்றாக ஒழிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

பயிர்ச்சேதத்தின் கணக்கு வேறு. நத்தை மேய்வதற்குத் தேங்கிய நீர் வேண்டும். அது பெரிதும் அழிப்பது முதல் மூன்று வாரப் பயிரையே. மாரிக்கு முன் புழுதியில் விதைத்த நெல், வயலில் நீர் கட்டுவதற்குள் ஓரளவு முற்றிவிடுமாதலால், சேற்று விதைப்பை விட இங்கே சேதம் குறையலாம். விதைத்த கையோடு பெருமழை கொட்டினால் அந்தச் சாதகமும் போய்விடும்.

வந்துசேரக்கூடிய வழிகளுள் நான் அதிகம் அஞ்சுவது அலங்கார மீன் வணிகத்தை. மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் நெருங்கிய இனமொன்று ஏற்கனவே இலங்கையின் நீர்நிலைகளில் பதிவாகியுள்ளது. யாரோ ஒருவர் தொட்டியைக் குளத்தில் கவிழ்த்தால், மாரியில் குளங்களை இணைத்து அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேரும் வழுக்கையாறு மீதியைச் செய்துவிடும். ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்தில் 2009இல் இதன் நெருங்கிய இனமொன்று கண்டறியப்பட்டபின், 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் இவை அடங்கும் நத்தைப் பேரினம் முழுவதையும் தடைசெய்தது. ஒவ்வோர் இனத்தையும் பிரித்தறிவது கடினமென்பதால், அதுவே சரியான வழி.

கண்காணிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பைலா ஈரமண்ணில் வெள்ளை முட்டை இடும். பொன் அப்பிள் நத்தையோ நீர்மட்டத்துக்கு மேலே, தண்டுகளிலும் கேணிச் சுவர்களிலும், பளிச்சென்ற இளஞ்சிவப்பு முட்டைக்கொத்துகளை ஒட்டும். அவற்றைக் கண்டால் படமெடுத்துக் கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்துவிட்டு, நசுக்கி நீருக்குள் அமிழ்த்திவிடலாம். நீரில் மூழ்கிக் கிடக்கும் முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை.