வெயிட்டட் ஸ்டெர்லிங்: உள்நிரப்பு வெள்ளி

மெழுகுவத்தித் தண்டு, உயர்ந்த பாதம் கொண்ட கிண்ணம், உப்பும் மிளகும் தூவும் குப்பி ஆகியவற்றின் அடிப்பாகத்தில் 'ஸ்டெர்லிங்' என்ற வெள்ளித் தர முத்திரையோடு 'வெயிட்டட்' என்ற சொல்லும் சில வேளைகளில் பொறிக்கப்பட்டிருக்கும். 'சிமெண்ட் ஃபில்டு', 'ரீஇன்ஃபோர்ஸ்டு' என்று பொறித்திருந்தாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. அத்தகைய கலத்தின் வெளிப்புறம் மெல்லிய வெள்ளித் தகடு. அது நசுங்காமலும் கலம் சாயாமலும் இருப்பதற்காக உள்ளே கீல், சாந்து, சிமெண்ட் போன்றவை நிரப்பப்பட்டிருக்கும். தண்டுகளில் இரும்புக் கம்பியும் இருக்கலாம். 'ஸ்டெர்லிங்' என்னும் உறுதிமொழி தகட்டுக்கு மட்டுமே உரியது.

'ஸ்டெர்லிங்' என்பது இங்கிலாந்தின் நார்மன் கால வெள்ளிப் பென்னியைக் குறித்த பெயர். அக்காசுகள் சிலவற்றில் சிறு விண்மீன் பொறிக்கப்பட்டிருந்ததால், 'சிறு விண்மீன் உடையது' என்ற பொருளில் அப்பெயர் எழுந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கிழக்கிலிருந்து வந்த வணிகர்களைச் சுட்டிய 'ஈஸ்டர்லிங்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்ற பழைய கருத்தும், உறுதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. தமிழிலும் 'வெள்ளி' என்பது உலோகத்தையும் விண்மீனையும் குறிப்பதால் இவ்விரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். ஆயினும் நம் சொல் 'வெள்' என்னும் வெண்மைப் பொருள் வேரில் பிறந்தது, அதற்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உறவில்லை. காசின் பெயர் பின்னர் அதன் தரத்துக்கு ஆகிவந்தது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதே அத்தரம். இங்கிலாந்தில் 1544 முதல் நடக்கும் சிங்கத்தின் உருவம் இதற்கு அடையாளமாக இருந்துவருகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லையே பொறித்தார்கள்.

உலோகத்தின் தூய்மையைச் சொல்ல 'பத்தரை மாற்று' என்பதில் உள்ள 'மாற்று' தமிழில் முன்பே இருக்கிறது. ஆகவே ஸ்டெர்லிங்கை '925 மாற்று வெள்ளி' என்பது தகும். 'வெயிட்டட்' என்பதை 'எடையிட்ட வெள்ளி' என்று பெயர்ப்பது தவறு. அது நிறுத்துப் பார்த்த வெள்ளி என்று பொருள்பட்டு, அளவுகாட்டி காட்டும் எடை முழுவதும் வெள்ளியே என நம்பவைத்துவிடும். விற்பவருக்கு இழப்பு நேர்வது பெரும்பாலும் இந்த மயக்கத்தால்தான் என்பதால், உள்ளே வேறொரு பொருள் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லும் 'உள்நிரப்பு வெள்ளி' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

மதிப்பீட்டுக்கு வருவோம். 600 கிராம் எடையுள்ள ஒரு மெழுகுவத்தித் தண்டை முழு வெள்ளி என்று கொண்டால் 555 கிராம் தூய வெள்ளி என்று கணக்கு வரும். தகட்டின் பங்கு கலத்துக்குக் கலம் மாறுமாயினும், அது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் தகடு 120 கிராம், அதை 0.925 ஆல் பெருக்கினால் 111 கிராம், அதாவது ஏறத்தாழ 3.57 டிராய் அவுன்ஸ். வெள்ளி, தங்கம் போன்றவற்றை நிறுக்கும் டிராய் அவுன்ஸ் 31.1 கிராம் என்பதையும், சமையலறைத் தராசின் அவுன்ஸ் 28.35 கிராம் மட்டுமே என்பதையும் கலந்துவிடக் கூடாது. உருக்க வாங்குபவர் சுத்திகரிப்புச் செலவையும் தம் ஆதாயத்தையும் கழித்துக்கொண்டே விலை சொல்வார். துல்லியமான எடை வேண்டுமானால் தகட்டை வெட்டிப் பிரித்து, ஒட்டியிருக்கும் நிரப்பை நீக்கி, தகட்டை மட்டும் நிறுக்க வேண்டும். அதன்பின் அது கலமாக இராது.

எனவே வெட்டுமுன் மறுவிற்பனை மதிப்பைப் பார்த்துவிடுவது அவசியம். நசுங்காத இணைத் தண்டுகளும், பெயர்பெற்ற பட்டறையின் முத்திரை உள்ளவையும் உருக்கும் விலையைவிடக் கூடுதலாகப் போகக்கூடும். பிளந்து நிரப்பு உதிரும் கலமோ பெரும்பாலும் உருக்குவதற்கே உரியது. 'ஸ்கிராப்' மதிப்பை 'உருக்கு மதிப்பு' என்று எழுதினால் எஃகைக் குறிக்கும் 'உருக்கு' குறுக்கிடும். 'உருக்கும் விலை' என்றால் குழப்பமில்லை. ஸ்டெர்லிங் கைப்பிடி கொண்ட மேசைக் கத்திகளில் 'வெயிட்டட்' என்ற முத்திரை பெரும்பாலும் இராது. அலகு எஃகாகவும், கைப்பிடி நிரப்பு அடைத்த மெல்லிய வெள்ளிக் கூடாகவும் இருப்பதால், அவற்றுக்கும் இதே கணக்குத்தான்.