கமாண்ட் – கட்டளையகம்: சொல் விளக்கம்

செய்தித்தாள்களில் 'கிழக்குப் பிராந்தியக் கடற்படை' என்று ஒரு நாள் வருகிறது. மறுநாள் 'கிழக்குப் பிராந்தியக் கடலோரக் காவல்படை' என்று வருகிறது. படிப்பவர் இரண்டும் ஒரே இடத்தில் இருந்து இயங்குவதாக நினைத்துக்கொள்கிறார். முன்னது கமாண்ட், அதன் தலைமையிடம் விசாகப்பட்டினம். பின்னது ரீஜன், அதன் தலைமையிடம் சென்னை. இரண்டு படைகளும் நாள்தோறும் கண்ணில் படும் இராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் குழப்பம் சிறியதன்று. உச்சிப்புளியில் 2009 மார்ச்சில் முறைப்படி செயல்பாட்டுக்கு வந்த ஐ.என்.எஸ். பருந்து, விசாகப்பட்டினத்துக்குக் கட்டுப்பட்ட கடற்படை விமானதளம். அங்கிருந்து சிறிது தொலைவில் மண்டபத்தில் இருப்பது கடலோரக் காவல்படையின் நிலையம். இருவேறு அமைப்புகளை ஒரே சொல்லால் அழைப்பதால் யாருக்கு யார் பொறுப்பு என்பதே மறைந்துவிடுகிறது. 'பிராந்தியம்' என்றால் நிலப்பரப்பு, அவ்வளவுதான். கமாண்ட் என்பது அது மட்டுமன்று.

கமாண்ட் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். அதன் வேர் 'மாண்டாரே'. கை என்ற பொருளுள்ள 'மானுஸ்' என்பதும் கொடுத்தல் என்ற பொருளுள்ள 'தாரே' என்பதும் சேர்ந்து அது உருவானது என்பர். ஆகவே இச்சொல்லின் அடியில் இருக்கும் பொருள் அதட்டி ஏவுவதன்று; கையில் ஒப்படைப்பது. ஒருவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்த பிறகே அவருக்கு உத்தரவிடும் உரிமை வருகிறது. படைத்துறையில் இச்சொல் மூன்று பொருளில் வழங்குகிறது: வாயால் இடும் உத்தரவு, ஒரு படைமீது ஒருவருக்கு உள்ள அதிகாரம், அந்த அதிகாரத்துக்கு உட்பட்ட படைகளும் நிலப்பரப்பும் சேர்ந்த பெரும் அமைப்பு. நாம் இங்கே பேசுவது மூன்றாவதைப் பற்றி. கமாண்டோ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆனால் அது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரான போயர்கள் வழியே பரவி, சிறு அதிரடிப் படையையும் அதன் வீரரையும் குறிக்க நிலைத்துவிட்டது. இரண்டையும் கலக்கக் கூடாது.

கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர். கல்யாண வீட்டில் இரண்டு பட்டாளத்துக்காரர்கள் சந்தித்தால் முதலில் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்பார்கள். பிறகு எந்தெந்தக் கமாண்டில் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு ஒரே விடை. இரண்டாவதற்கு நாலைந்து விடைகள் இருக்கும். ரெஜிமெண்ட் என்பது வீரரின் குலம் போன்றது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர் நீலகிரி வெலிங்டனில் பயிற்சி பெற்று, பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்தான். கமாண்ட் அப்படியன்று. அவருடைய பட்டாலியன் ஜோத்பூரில் இருக்கும்போது தெற்குக் கமாண்டின் கீழ் இருக்கும். காஷ்மீருக்கு மாறினால் உதம்பூரில் உள்ள வடக்குக் கமாண்டின் கீழ் போய்விடும். ஆள் அவரே, கொடி அதே. பொறுப்பேற்கும் தலைமை மட்டும் மாறுகிறது.

அடுக்கு முறை இது: சுமார் பத்துப் பேர் கொண்டது செக்சன். அவை மூன்று சேர்ந்து பிளட்டூன், பிளட்டூன்கள் மூன்று சேர்ந்து கம்பெனி. கம்பெனிகள் சேர்ந்து ஏறக்குறைய 800 பேர் கொண்ட பட்டாலியன். நம் 'பட்டாளம்' இதிலிருந்து பிறந்ததே. அதற்கு மேல் பிரிகேட், டிவிசன், கோர். எல்லாவற்றுக்கும் மேலே கமாண்ட். அதன் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் தகுதியில் இருப்பவர். அவரை ஆர்மி கமாண்டர் என்பார்கள். அவருக்கு மேலே இருப்பது டெல்லித் தலைமையகமும் தலைமைத் தளபதியும்தான். இந்தப் போர்ப்படை அடுக்கு ஒருபுறம் இருக்க, ஊரோடு பிணைந்த ஏரியா, சப் ஏரியா என்ற நிர்வாக அடுக்கும் உண்டு. தரைப்படைக் கணக்கில் இராமநாதபுரம் மாவட்டம் சென்னையில் உள்ள தட்சிண பாரத் ஏரியாவுக்குள் வருகிறது. அது புணேயில் உள்ள தெற்குக் கமாண்டின் கீழ் வருவது. கடற்படைக்கு விசாகப்பட்டினம் என்றால், விமானப்படைக்கு 1984இல் தொடங்கிய திருவனந்தபுரத்துத் தெற்கு விமானப்படைக் கமாண்ட். ஒரே கடற்கரைக்கு மூன்று திசையில் மூன்று தலைமைகள். கடற்படையிலும் கொச்சியில் ஒரு தெற்குக் கமாண்ட் இருக்கிறது. ஆனால் அது முதன்மையாகப் பயிற்சிக்கானது. பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் கிழக்குக் கடற்படைக் கமாண்டின் பொறுப்பு.

தரைப்படையின் கமாண்ட் அமைப்பு 1895 ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்தது. அதுவரை சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களுக்குத் தனித்தனிப் படைகள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கி பஞ்சாப், வங்காளம், சென்னை, பம்பாய் என நான்கு கமாண்டுகளாகப் பிரித்தார்கள். இராமநாதபுரம் அப்போது சென்னைக் கமாண்டுக்குள் இருந்தது, பர்மாவும் அதற்குள்தான். இன்றைய தெற்குக் கமாண்ட் பம்பாயின் வழி வந்தது. பிறகு கிச்சனர் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் அமைப்பு மாறி, வடக்கு, தெற்கு என்று இரு பெரும் பிரிவுகளாயிற்று. 1920இல் மீண்டும் நான்கு கமாண்டுகள் வந்தன. விடுதலைக்குப் பின் தெற்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று. சீனப் போரை அடுத்து 1963இல் லக்னோவில் மத்தியக் கமாண்ட், 1972இல் உதம்பூரில் வடக்குக் கமாண்ட், 1991இல் பயிற்சிக் கமாண்ட், 2005இல் ஜெய்ப்பூரில் தென்மேற்குக் கமாண்ட் என்று இப்போது தரைப்படையில் ஏழு.

தெற்குக் கமாண்ட் என்ற பெயரைப் பார்த்துத் தென்னிந்தியா மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ராஜஸ்தானின் ஜைசல்மர்ப் பாலைவனம் இதற்குள் இருக்கிறது. 1971இல் பாகிஸ்தானுடன் லோங்கேவாலாச் சண்டை நடந்தது இதன் பொறுப்பில். 1948 ஐதராபாத் நடவடிக்கையும் 1961 கோவா விடுதலையும் இதன் தலைமையில் நடந்தவையே. 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது ஒட்டுமொத்தத் தலைமை இதன் தளபதி தெபிந்தர் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மண்டபம் முகாமில் ஈழத்து அகதிகள் தங்கியிருந்த காலம் அது. எதிர்க்கரையில் நடப்பதைப் பற்றிப் புணேயில் எடுத்த முடிவுகள் இந்தக் கரையைத் தொட்டுச் சென்றன.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். படைக்கும் தலைமைக்கும் தமிழில் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. தானை என்பது படை. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் கடைசிக் குறள், தலைமக்கள் இல்லாத தானை இல்லை என்கிறது. படைத்தலைவர்க்கு அரசன் மோதிரம் தந்து ஏனாதிப் பட்டம் சூட்டினான். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏனாதி என்ற ஊர்ப் பெயரும் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் கன்னட, தெலுங்கு வழியே தளவாய் என்ற பதவிப் பெயர் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் சேது நாட்டின் தளவாயாக இருந்தவர் வெள்ளையன் சேர்வைக்காரர். பாசறை, பாடி, படைவீடு ஆகியவை படை தங்கும் இடங்கள். ஆனால் இவற்றில் எதுவும் நிலப்பரப்பையும் படையையும் பொறுப்பையும் சேர்த்துச் சொல்லவில்லை. அந்தப் பொருளுக்கு மிக அருகில் வருவது 'சேதுபதி' என்ற பட்டமே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், இராமேசுவரம் செல்லும் வழியைக் காக்கும் பொறுப்பைச் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தார். குறித்த கரை, அதைக் காக்கும் படை, அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் – மூன்றும் அதில் இருந்தன.

'ஆணையகம்' என்று சிலர் எழுதுகிறார்கள். கமிஷனுக்கு ஆணையம் என்றும் கமிஷனருக்கு ஆணையர் என்றும் நிலைத்துவிட்ட பிறகு இது பொருந்தாது. தேர்தல் ஆணையத்தின் உறவுபோல ஒலிக்கிறது. எனக்குச் சரியென்று படுவது 'கட்டளையகம்'. ஈழத்துத் தமிழ் இதழ்கள் 'கட்டளைத் தளபதி' என்ற வழக்கை நெடுங்காலமாகக் கையாள்கின்றன. சிறைபிடிக்கப்பட்ட பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்களைப் பற்றிய யாழ்ப்பாணச் செய்திகளில் அச்சொல் இந்தக் கரைக்கும் பழகிப்போனதே.

கட்டளை என்றால் உத்தரவுதானே என்று கேட்கலாம். அது அச்சொல்லின் ஒரு முகம் மட்டும். கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் அது எழுத்து எண்ணிக்கையின் வரையறை. இராமேசுவரம் கோயிலுக்குச் சேதுபதிகள் ஏற்படுத்திய கட்டளைகளில் அது பூசைக்கோ விளக்குக்கோ என்று குறித்து எழுதிவைத்து, நடத்தும் பொறுப்பை ஒருவர் கையில் தந்த அறம். அளவு குறித்தல், ஒப்படைத்தல், உத்தரவிடும் உரிமை என மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 'மாண்டாரே'யின் அடிப்பொருளை இவ்வளவு நெருங்கும் வேறு சொல்லை நான் கண்டதில்லை. 'அகம்' சேர்ப்பது எதற்கென்றால், 'வடக்குக் கட்டளை வந்தது' என்று எழுதினால் உத்தரவு வந்ததாகவே படிப்பவர் கொள்வார்.

வழக்கில் இப்படிக் கொள்ளலாம். கமாண்ட் – கட்டளையகம். ஆர்மி கமாண்டர் – கட்டளையகத் தளபதி. ஏரியா – பகுதி. கடலோரக் காவல்படையின் ரீஜனுக்குப் பிராந்தியம் அல்லது மண்டலம் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே அது பொருந்துகிறது. முப்படையும் சேர்ந்த அந்தமான் நிகோபார் கமாண்டை முப்படைக் கட்டளையகம் எனலாம். ஒரு போர்ப்பரப்பில் முப்படைகளையும் ஒரே தலைமையில் வைக்க இனி வரும் எனப் பேசப்படும் தியேட்டர் கமாண்டுகளுக்குப் போர்க்களக் கட்டளையகம் என்று இப்போதே எழுதத் தொடங்கிவிடலாம். எழுதும்போது வல்லெழுத்தை விட்டுவிடக் கூடாது: தெற்குக் கட்டளையகம், கிழக்குக் கடற்படைக் கட்டளையகம்.