'இனச் சுத்திகரிப்பு': இந்தச் சொல் வேண்டாம்

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரி இருந்தது: "பொஸ்னியாவின் வடமேற்கில் இனச் சுத்திகரிப்புப் பணிகள் முழுவீச்சில் நடந்தன." முதலில் 'பணிகள்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். அப்புறம் 'சுத்திகரிப்பு' என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. ஒரு பகுதியிலிருந்து ஓர் இனத்தாரை வன்முறையால் துரத்துவதை இப்படி எழுதுகிறோம். செய்தியிலும் தலையங்கத்திலும் எத்தனையோ முறை கண்டு, சரி என்று கடந்துபோன சொல்தான். இந்த முறை விட மனம் வரவில்லை.

மூலம் செர்போ-குரோவாசிய மொழியின் 'எத்னிச்கோ சிஷ்சேன்யே'. சிஷ்சேன்யே என்றால் துப்புரவு செய்தல். ஓர் இடத்தில் எதிரி மிச்சமில்லாமல் செய்வதையும் ராணுவத்தினர் அப்படிச் சொல்வார்கள். 1992-ல் பொஸ்னியப் போரின்போது 'எத்னிக் கிளென்சிங்' என்று ஆங்கிலத்தில் ஏறி உலகம் முழுக்கப் பரவியது. அதற்கும் முன்னால், யூதர்களை இல்லாமல் ஆக்கிய ஊரை நாஜிகள் 'யூடன்ரைன்' என்றார்கள். யூதர் நீங்கிச் சுத்தமான இடம் என்று பொருள். ஆக, இது செய்தவர்களின் வாயிலிருந்து வந்த சொல்.

சுத்தி வடசொல் என்பதால் நான் சண்டைக்கு வரவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'இனத்தூய்மையாக்கம்' என்று எழுதுகிறார்கள். வடசொல் போனது, நஞ்சு அப்படியே இருக்கிறது. தூய்மை என்பது தமிழில் கெட்ட பொருளே இல்லாத சொல். அதைக் கொண்டுபோய் இந்தக் கொடுமையின் நெற்றியில் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருள் ஒருபுறம் இருக்கட்டும், இலக்கணமே இடிக்கிறது. குடிநீர் சுத்திகரிப்பு என்றால் குடிநீரைச் சுத்திகரிப்பது. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு என்றால் எண்ணெயைச் சுத்திகரிப்பது. சுத்தமாகிற பொருள் கடைசியில் கையில் இருக்கும், அழுக்குதான் போகும். அப்படியானால் இனச் சுத்திகரிப்பில் சுத்தமாகிற இனம் எது, அழுக்கு யார்? விரட்டப்பட்ட மக்களைக் கழிவு என்று இந்தச் சொல் சொல்லாமல் சொல்கிறது. அறியாமலே நாமும் அதற்குத் தலையாட்டுகிறோம்.

'இனக் களையெடுப்பு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் மோசம், மனிதரைக் களை ஆக்குகிறது. 'இன நீக்கம்' அலுவலக வாடை அடிக்கிறது; பணிநீக்கம், பதவிநீக்கம் மாதிரி ஓர் உத்தரவோடு முடிந்துபோன காரியமாகத் தோன்றும்.

வடமேற்கு பொஸ்னியாவின் பிரியெதோர் என்ற நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 கணக்கெடுப்பில் அந்த வட்டாரத்தில் முஸ்லிம்கள் சுமார் 44 விழுக்காடு, செர்பியர்கள் சுமார் 42. 1992-ல் செர்பியத் தரப்பு ஆட்சியைப் பிடித்தது. செர்பியர் அல்லாதவர்கள் வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே போனால் கையில் வெள்ளைப் பட்டி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்த வீடு யாருடையது என்பது தெருவிலிருந்தே தெரிந்துவிடும். பிறகு ஒமார்ஸ்கா, கெராடெர்ம் முகாம்கள். அடி, சித்திரவதை, கொலை. 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். பல்லாயிரம் பேர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். இதில் எது சுத்தம்?

ஐ.நா. அமைத்த நிபுணர் குழு 1993-ல் தந்த விளக்கம் தெளிவாக இருக்கிறது: ஒரு பகுதியில் ஓர் இனம் மட்டுமே இருக்கும்படி, வன்முறையாலும் மிரட்டலாலும் மற்ற இனத்தாரை அங்கிருந்து அகற்றுவது. இதில் வினை அகற்றுவதுதான். எனவே நான் 'இனவிரட்டல்' என்கிறேன். இனத்தை விரட்டல், பிரித்துப் பார்த்தாலும் பொருள் தடுமாறவில்லை. கொலையும் நடந்ததே என்பீர்கள். நடந்தது, அதைக் கொலை என்றே தனியாக எழுதுங்கள்.

'இனப்படுகொலை' என்று மாற்றி எழுதிவிடுவதும் சரியல்ல. அது 1948-ன் ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின்படி தனிக் குற்றம். ஒரு குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிறுவப்பட வேண்டும். 1995-ல் கிழக்கு பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது இனப்படுகொலை என்று தீர்ப்பானது. பிரியெதோர் வழக்குகளில் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் என்றுதான் தண்டித்தார்கள். இரண்டு சொல்லையும் கலந்தடித்தால் தீர்ப்பைப் படிக்கவே முடியாது.

தமிழில் இந்தச் சொல் நமக்கு மிக அருகிலும் புழங்குகிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். அதையும் இனச் சுத்திகரிப்பு என்றே பலர் எழுதுகிறார்கள். கண்டித்துத்தான் எழுதுகிறார்கள், ஆனால் சொல் அவர்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் 'வெளியேற்றம்', 'பலவந்த வெளியேற்றம்' என்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லும் பேச்சு அது.

பழைய புறத்திணை இலக்கணத்தில் பகைவர் நாட்டை எரிப்பதற்கு உழபுல வஞ்சி என்று பெயர். மன்னனைப் புகழ்ந்து பாடியதுதான். ஆனாலும் எரித்ததை எரித்தது என்றே பாடினார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களோ ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் நேர்ச்சொல் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். யார் சொன்ன சொல், யாரைப் பற்றிச் சொன்னது என்று கேட்பதில்லை.

அந்தப் பக்க ஓரத்தில் 'இனவிரட்டல்' என்று எழுதி அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் போன் செய்தார். "வாசகருக்குப் புரியுமா சார்?" என்றார். முதல் தடவை மட்டும் பழைய சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், மூன்றாம் பக்கத்தில் தேவைப்படாது என்றேன். ஒரு தளபதி பேசுவதாக வரும் இடத்தில் மட்டும் சுத்திகரிப்பு அப்படியே இருக்கட்டும், மேற்கோள் குறிக்குள்.