அச்சுக்குப் போவதற்கு முன் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் நூல் வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, முதற்பிரதி, நயப்புரை, கடைசியில் ஏற்புரை. நயப்புரை சொல்ல வந்தவர் சில வேளை முதல்நாள் இரவுதான் புத்தகத்தைப் புரட்டியிருப்பார். மேடையில் எல்லாம் பொன்னாடைதான். கூட்டம் கலைந்து மோட்டார் சைக்கிளை எடுக்கிற இடத்தில்தான் மற்றக் கதை தொடங்கும்: "உதெல்லாம் ஒரு கவிதையே?"

எழுதியவருக்கு இந்த இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. உளவளத்துணைக்கு என்னிடம் வருபவர்களில் எழுதுபவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், படம் கீறுபவர்கள் என்று இளம் படைப்பாளிகளும் இருக்கிறார்கள். புகழ்ச்சியையும் நக்கலையும் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அக்கறையோடு ஒருவர் குறை சொன்னாலும் அது நக்கலாகத்தான் காதில் விழுகிறது. பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டியிலும் வலயத்தில் முதலாமிடம், மாகாணத்தில் மூன்றாமிடம் என்று இடம் தெரியவரும். ஏன் மூன்றாமிடம் என்று பிள்ளையை இருத்தி வைத்துச் சொல்பவர்கள் குறைவு.

சங்கீதம் பழகும் பிள்ளைகளிடம் இந்தச் சிக்கலை நான் அவ்வளவாகக் காண்பதில்லை. "சுருதி சேரேல்லை, திரும்பப் பாடும்" என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளை திரும்பப் பாடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏசாத ஒத்திகை உண்டா? அங்கே திருத்தம் மேடைக்கு முன்பே வந்துவிடுகிறது, திருத்திக்கொள்ள நேரமும் இருக்கிறது. எழுத்தில்தான் எல்லாம் தலைகீழ். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் காசு அனுப்பி, புத்தகம் அச்சாகி, பெட்டி பெட்டியாக வீட்டு விறாந்தைக்கு வந்த பிறகு முதல் விமர்சனம் வந்தால் யாருக்குத்தான் நோகாது?

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். 1995 இடப்பெயர்வில் நடந்து போன தன் அம்மம்மாவைப் பற்றிச் சிறுகதை எழுதியிருந்தார். மூத்த எழுத்தாளர் ஒருவர் வாசித்துவிட்டு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அதோடு பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று ஞாபகத்திலிருந்து எழுதித் தரும்படி கேட்டேன். "எனக்கு எழுத வராது எண்டு சொன்னார்" என்பதுதான் முதல் வரி.

பிறகு இருவருமாகப் பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்த வசனம் அதில் எங்கும் இல்லை. இருந்தது இதுதான்: "பிள்ளை, நாவற்குழிப் பாலம் வரைக்கும் நான் உம்மோடதான் நடந்து வந்தனான். அதுக்குப் பிறகு அம்மம்மா கதைக்கேல்லை, நீர்தான் கதைக்கிறீர்."

கதையை எடுத்துப் பார்த்தோம். பாலத்துக்குப் பிறகு அம்மம்மா பத்திரிகைத் தலையங்கம் மாதிரிப் பேசுகிறார் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்தார், கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஆனால் கதையைப் பாலத்தோடு முடித்துவிடலாம் என்று அந்த மூத்த எழுத்தாளர் சொல்லியிருந்த யோசனையைப் பிள்ளை ஏற்கவில்லை. ஏற்கவும் தேவையில்லை. எங்கே தடக்கியது என்று வாசித்தவர் சொன்னால் அதை நம்பலாம். எப்படிச் சீராக்குவது என்பது எழுதியவரின் வேலை.

காது இப்படி மாற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள், பின்னூட்டம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1996இல் ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயற்றிறன் குறைந்தே இருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற பக்கம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். புகழ்ச்சியும் அந்தப் பக்கம் திருப்பக்கூடியதுதான். "நீர் பிறவிக் கவிஞர்" என்று சொல்லிச் சொல்லி எழுத விடாமல் ஆக்கிய பிள்ளைகளும் நம்மிடையே உண்டு.

சரி, என்ன செய்யலாம்? "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வடிவா இருக்கு" என்ற பதிலோடு அது முடிந்துவிடும். "எந்த இடத்தில வாசிக்கிறதை நிப்பாட்டுவம் எண்டு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் உருவாக்கிய ஒரு முறையும் கைகொடுக்கும். பார்த்தவர்கள் முதலில் தங்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், அபிப்பிராயத்தை அதற்குள் ஒளித்து வைக்காமல். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு. நம்மவர்களுக்கு மூன்றாவது கட்டத்தில் வாய் சும்மா இராது, அதை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விறாந்தையில் நாலு பேர், ஒரு பிளேன்ரீ, அச்சுக்குப் போகாத பிரதி, இது போதும்.

வந்த குறைக்கு அன்றிரவே பதில் தட்டச்சு செய்யாதீர்கள். மறுநாள் படைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். அதில் சாதி, ஊர், "பொம்பிளைப்பிள்ளை உதுகளை எழுதலாமோ" மாதிரியான பேச்சு இருந்தால் அதற்கும் உங்கள் படைப்புக்கும் சம்பந்தமில்லை, தள்ளிவிடுங்கள்.

ஆனால் ஒரு விமர்சனத்துக்குப் பிறகு நித்திரையும் சாப்பாடும் குழம்பி, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அதைத் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.